மரத்தடி வண்டலும் ஆற்றங்கரை ஜனங்களும்

சாமுவேல்,

அன்று ஏரி மதகு மேட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் வந்து, நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லக் கூடாது. உன் அப்பா இருந்தார். தாம்பரம் ரயில் ஷெட்டில் வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு நேராக வந்திருந்தார். மதகு திறந்து மூடுகிற கன்னியப்பன் இருந்தார். பக்கத்து வீட்டு முனியம்மா இருந்தாள். அவளுடைய காது கேளாத மாமியார் இருந்தாள். அவளுக்காக முனியம்மா ஒவ்வொன்றையும் கத்திச் சொன்னதில் ஊருக்கே எல்லாம் இரண்டு தரம் கேட்டது. வனத்துறை ரேஞ்சர் கோபாலன் நாற்காலியில் இருந்தார், அவருக்குப் பின்னால் இரண்டு காவலர்கள். ரேஞ்சருக்குப் பக்கத்தில் என் தம்பி எபனேசர் நின்றான், தாம்பரத்துப் பள்ளிக்கூட வாத்தியார், உன் தாய்மாமன். நான் இருந்தேன். நீயும் இருந்தாய், சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு. வேப்பேரியில் மாட்டு டாக்டர் படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்த வருஷம் அது. மாமா பேசினதை நீ உன் காதால் கேட்டாய். இப்போது மறந்துவிட்டாய் போலிருக்கிறது. நான் பேரன் பேத்தி எடுத்தாயிற்று, கண் மங்குகிறது, முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, ஆனால் ஞாபகம் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது.

உன் ஏர்மெயில் போன வாரம் வந்தது. உன் தங்கை கிரேஸ் படித்துக் காட்டினாள். பிறகு நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன், அண்ணன் மேல் இருக்கிற பாசத்தில் அவள் எதையாவது விழுங்கிவிடுவாள் என்று. ஜாம்பியாவில் நீ வேலை பார்க்கிற பூங்கா நம் கிண்டி மாதிரி இல்லை, ஒரு ஜில்லா அளவுக்குக் காடு, யானையும் காட்டெருமையும் நீர்யானையும் அங்கே தானாக வாழ்கின்றன என்று முன்பே எழுதியிருக்கிறாய். சந்தோஷம். இந்தத் தடவை எழுதியிருப்பது வேறு சங்கதி. அந்தக் காட்டுக்குள் ஓடுகிற ஆற்றின் கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்துப் பிழைக்கிற ஒரு கிராமத்தை எழுப்பி, எல்லைக்கு வெளியே மேட்டு நிலத்தில் கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள். அந்த ஜனங்களிடம் பேசிச் சம்மதம் வாங்க உன்னை அனுப்புகிறார்கள். நீ வெள்ளைக்காரனும் இல்லை, அவர்கள் சர்க்காரும் இல்லை, அவர்களுடைய ஆட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட்டவன், உன் பேச்சை நம்புவார்கள் என்று உன்னைப் பிடித்திருக்கிறார்கள். மேட்டுக்குப் போன பிறகு அவர்கள் ஆற்றில் வலை போட முடியாது என்பது உனக்குத் தெரியும். அதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே எழுதுகிறாய்: "இப்போதே எல்லாவற்றையும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் அம்மா. போகப் போகப் புரிந்துகொள்வார்கள். நீங்கள் ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்."

நான் ஜெபம் பண்ணவில்லை. இதை எழுத உட்கார்ந்தேன். இதை உறைக்குள் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. ஒரு பிரதியை நம் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவள் என்பதால் கிரேஸ் எழுத்துப் பிழை திருத்தினாள். "பேரெல்லாம் எடுத்துடலாம்மா. மாமா மனசு கஷ்டப்படும்" என்றாள். பிழையைத் திருத்து, பேரில் கை வைக்காதே என்றேன்.

நான் மாடம்பாக்கத்துக்கு அப்பால் இருக்கிற இந்த ஊருக்கு மருமகளாக வந்தது ஒரு தை மாதத்தில். அம்மா இல்லாத பிள்ளை என்று என் தம்பி எபனேசரையும் என்னோடு கூட்டிவந்தேன். அவன் என் இடுப்பில் வளர்ந்தவன், இந்த ஏரித் தண்ணீர் குடித்தவன். அந்தக் கல்யாண ஊர்வலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏரிக்கரை திருப்பம் வந்ததும் மேளக்காரர்கள் மேளத்தை நிறுத்திவிட்டார்கள். பல்லாவரத்திலிருந்து வந்த என் சித்தப்பாவுக்குக் கோபம். "இன்னாய்யா இது, கல்யாணமா கருமாதியா? மேளத்தைத் தோள்ல மாட்டிகினு சும்மா வர்றானுங்க!" என்றார். அப்போது வாலிபராக இருந்த கன்னியப்பன் சொன்னார்: "கூட்டுல குஞ்சு கீது மாமா. ஏரியைத் தாண்டினதும் காது கிழிய அடிக்கச் சொல்றேன்." ஏரிக்குள் நிற்கிற கருவேல மரங்கள் எல்லாம் வெள்ளை பூத்த மாதிரி நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் உட்கார்ந்திருந்தன. கார்த்திகையிலிருந்து பங்குனி வரை இந்த ஊரில் ஏரிக்கரையில் சத்தம் கிடையாது. தீபாவளி பட்டாசு ஊருக்கு மறுகோடியில்தான். நம் கிறிஸ்துமஸ் பாட்டுக் கோஷ்டிகூடத் திருப்பத்தில் வாயை மூடிக்கொண்டு வரும், உனக்கே தெரியும்.

கோடையில் ஏரி காய்ந்ததும் வண்டல் எடுப்போம். அதிலும் மரத்தடி வண்டலுக்குத்தான் போட்டி. வருஷம் முழுக்கப் பறவை எச்சம் விழுந்து ஊறின மண் அது, கறுப்பாகக் களி மாதிரி இருக்கும். அதை வயலில் போட்டால் வேறு எரு வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மரக்கூட்டம் சொந்தம். இந்த மரம் எங்களுக்கு, அந்த மரம் முனியம்மா வீட்டுக்கு என்று சண்டை போட்டுத் தீர்த்து வைத்த பாத்தியம். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்தான் முதல் கூடை சுமக்க வேண்டும். நானும் சுமந்தேன். நாற்றம் தலையை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது. வேர் அறுபடாமல் மரத்தைச் சுற்றி வட்டமாக இடுப்பளவு தோண்டுவோம். மழை வந்தால் அந்தக் குழிகள்தான் முதலில் நிரம்பும், கடைசியில்தான் வற்றும். பறவைக்காகவா தோண்டினோம்? இல்லை. எங்கள் நெல்லுக்காகத் தோண்டினோம். பறவை அதன் பாட்டுக்கு இருந்தது, நாங்கள் எங்கள் பாட்டுக்கு இருந்தோம்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்திலிருந்து ஜீப்பில் துப்பாக்கியோடு வர ஆரம்பித்தார்கள். சுட்டு, கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். ஒரு நாள் அவர்கள் ஏரிக்குள் இறங்கியிருந்தபோது உன் அப்பா ஜீப்பின் நாலு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். "இது யார் ஜீப் தெரியுமாடா?" என்று அந்தப் பெரிய மனிதர் குதித்தார். "தெரியாது சார். காத்து இல்லாத ஜீப்புன்னு மட்டும் தெரியுது" என்றார் உன் அப்பா. சேலையூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் போலீஸோடு வந்தார்கள். அப்போதுதான் எபனேசர் சர்க்காருக்கு மனு எழுதினான், பறவைகளைக் காப்பாற்றுங்கள் என்று. நல்ல மனதோடுதான் எழுதினான். அதை நான் மறுக்கவில்லை. நான் யாரையும் செய்யாத தப்புக்காகத் திட்டுகிறவள் இல்லை.

அந்த மனுவுக்குப் பதிலாகத்தான் ரேஞ்சர் வந்தார். தூரத்துப் பார்வைக் கண்ணாடியில் பறவைகளைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி போடப் போகிறோம், ஊர் சம்மதிக்க வேண்டும் என்றார். அதற்குத்தான் மதகு மேட்டில் கூடினோம். முனியம்மாதான் கேட்டாள்: "வேலி போட்டா வண்டல் எடுக்க வுடுவியா சார்?" ரேஞ்சர் திரும்பி எபனேசர் முகத்தைப் பார்த்தார். எபனேசர் ஒரு அடி முன்னால் வந்தான். "முனியம்மாக்கா, வேலி துப்பாக்கிக்காரனுக்கு. நமக்கு இல்ல. வண்டலுக்கு நான் பொறுப்பு" என்றான். அவன் குரல் உனக்குத் தெரியும், பைபிள் வாசிக்கிற குரல். கிழவி, "இன்னா சொல்றான்?" என்று கேட்டாள். முனியம்மா அவள் காதில், "வாத்தியார் பொறுப்பாம்!" என்று கத்தினாள். "அப்ப சரி. அவன் நம்ம புள்ள" என்று கிழவிதான் முதலில் கைநாட்டு வைத்தாள். பிறகு எல்லோரும் வைத்தோம். துப்பாக்கி நின்றது. அதுவும் உண்மை.

வேலி வந்த அடுத்த கோடையில் கூடையோடு போனால் காவலர் உள்ளே விடவில்லை. எபனேசரிடம் போனோம். "இந்த வருஷம் மட்டும் பொறுங்கக்கா" என்றான். அடுத்த வருஷமும் அதையே சொன்னான். அதற்கடுத்தும் சொன்னான். நீ படிப்பு முடித்தாய், வேலைக்குப் போனாய், கப்பல் ஏறினாய்; நாங்கள் இன்னும் பொறுத்துக்கொண்டிருந்தோம். ஒரு பெருமழையில் கல்குவாரிப் பக்கத்து மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு வந்து ஏரியில் படிந்தது. குழிகள் தூர்ந்துபோயின. அந்தத் தையில் கரையோரம் போகும்போது பார்த்தேன், எங்கள் மரத்தடியில் ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது, கால் நனையாமல். நான் கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் அந்த இடத்தில் தை மாதத்தில் தண்ணீர் இல்லாமல் பார்த்ததே இல்லை. ராத்திரியில் நரியும் வந்திருக்க வேண்டும். காலையில் மரத்தடியெல்லாம் குஞ்சுகளின் சிறகாகக் கிடந்தது. அடுத்த வருஷம் பறவைகள் வந்தன, ஏரிக்கு மேலே சுற்றின, இறங்காமல் போய்விட்டன. அந்த வருஷக் கல்யாணத்தில் மேளக்காரர்கள் ஏரிக்கரையில் அடித்துக்கொண்டே போனார்கள். யாரும் தடுக்கவில்லை. கன்னியப்பன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜனங்கள் தொந்தரவு செய்ததால் பறவைகள் போய்விட்டன என்று வனத்துறைக்காரர்கள் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். தொந்தரவு செய்த ஜனங்கள்! அந்தக் கோடையில் நான் முனியம்மா வீட்டு வாசலில் போய் நின்று, கூடையை எடுடி என்றேன். ஊரில் தெம்புள்ள பெண்கள் எல்லோரும் வந்தார்கள், தெம்பில்லாத அவள் மாமியாரும் வந்தாள். வேலிக் கம்பியைக் காலால் மிதித்துக்கொண்டு உள்ளே போனோம். எங்கள் மரத்தைச் சுற்றி முதல் வெட்டு நான் வெட்டினேன். காவலர்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தன் முனியம்மாவின் கூடையைப் பிடித்து இழுத்தான். "கூடையை வுடுடா, உங்க ஆத்தா சீதனமா அது?" என்று அவள் போட்ட கூச்சலில் அவன் விட்டுவிட்டான். அப்புறம் வேன் வந்தது, எங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். சேறு காய்ந்த புடவையோடு தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்தோம்.

அங்கே உன் மாமா வந்தான். எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வந்திருந்தான். நீ இல்லாதபோது நடந்தது இது. மாமா மேல் நீ வைத்திருக்கிற மரியாதைக்காக இதுவரை யாரும் உனக்கு எழுதவில்லை. இப்போது படி.

"எபி, வண்டலும் எடுக்கக் கூடாதுன்னு ரேஞ்சர் உன்கிட்ட எப்ப சொன்னார்?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "மதகு மேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டாருக்கா."

"தெரிஞ்சிருந்துமா பொறுப்புன்னு சொன்னே?"

"சொல்லியிருந்தா நீங்க ஒத்துக்கிட்டிருக்க மாட்டீங்கக்கா. பறவைங்க அழிஞ்சிடுமேன்னுதான்... போகப் போக எல்லாருக்கும் புரியும்னு நினைச்சேன்."

முனியம்மா சிரித்தாள். அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "பறவை எங்க வாத்தியாரே? உன் பாக்கெட்ல பத்திரமா வச்சிருக்கியா?" என்றாள். கிழவி, "இன்னா சொல்றான்?" என்று கேட்டாள். இந்தத் தடவை அவள் காதில் கத்த முனியம்மாவுக்கு வாய் வரவில்லை. இவன் கையெழுத்தில் நாங்கள் வெளியே போக மாட்டோம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். சாயங்காலம் அவரே சலித்துப்போய், "போய்த் தொலைங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவனைத் தாண்டி நடந்தோம்.

மறுநாளும் ஏரிக்குள் போனோம். ரேஞ்சர் கோபாலன் தானே வந்தார். காய்ந்த சேற்றில் நாய்க்கால் தடம் மரம் வரைக்கும் போயிருந்ததைக் காட்டினேன். நாங்கள் குழி தோண்டின காலத்தில் இங்கே தண்ணீர் நின்றது சார், நாயும் நரியும் மரத்தை நெருங்க முடியவில்லை, எங்களுக்கும் இது தெரியாது, உங்களுக்கும் தெரியாது, தோண்டாமல் விட்ட பிறகுதான் எல்லோருக்கும் தெரிகிறது என்றேன். அவர் குனிந்து அந்தத் தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு காவலர்களைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது, அது எனக்குப் போதும். அவருக்கு அடுத்து வந்தவர் எழுத்திலேயே அனுமதி கொடுத்தார். வேலி இன்றும் இருக்கிறது, துப்பாக்கிக்கு. கோடைக்கு அதன் கதவு எங்களுக்குத் திறக்கும். காவல் வேலையில் கன்னியப்பன் மகன் இருக்கிறான். கொக்குகள் முதலில் வந்தன. நாரைகள் வர வருஷங்கள் ஆயின. கூழைக்கடா மட்டும் திரும்பி வரவே இல்லை. கேட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று உன் மாமா சொல்லுவான். எனக்குக் கூழைக்கடா வரவில்லை.

அந்த நாளிலிருந்து நான் கோயிலில் திருவிருந்து அப்பமும் ரசமும் எடுப்பதில்லை. சகோதரனோடு ஒப்புரவாகாமல் அந்தப் பந்தியில் முழங்கால் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் எல்லோரும் எழுந்து போகும்போது நான் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எபனேசர் முன்னால் போய் முழங்கால் போடுகிறான், திரும்பி வரும்போது என்னைப் பார்க்கிறான். நம் சபை ஐயர் வீட்டுக்கு வந்து, "அக்கா, பழசை விட்டுடுங்க, ஆண்டவர் மன்னிக்கலியா?" என்றார். ஆண்டவரை யாரும் மதகு மேட்டில் நிற்கவைத்துப் பொய் சொல்லவில்லை ஐயரே என்றேன். ஊர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறது. சொல்லட்டும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். தந்தத்துக்காக யானையைச் சுடுகிறார்கள், முகத்தையே வெட்டி எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கு வேலி போடு, காவல் போடு, தேவைப்பட்டால் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கு, உன் அப்பா பிள்ளைதானே நீ. யானை பெரிதா மனுஷன் பெரிதா என்று நான் கேட்க மாட்டேன். இரண்டும் ஒரே ஆற்றில் தண்ணீர் குடித்துத்தானே இத்தனை காலம் இருந்திருக்கின்றன. அந்த ஜனங்கள் வருஷா வருஷம் ஆற்றோரப் புல்லைக் கொளுத்துகிறார்கள், அது பெரிய சேதம் என்று எழுதியிருக்கிறாய். கொளுத்தின இடத்தில் முளைக்கிற இளம்புல்லை எது வந்து தின்கிறது என்று பார்த்தாயா? நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அவர்களுக்கேகூடத் தெரியாமல் இருக்கலாம். அவர்களை எழுப்பி அனுப்பிய பிறகு ஒரு நாள் தெரியும். அப்போது தெரிந்து என்ன செய்வாய்? யாரைக் கூப்பிட்டு, யார் வந்து கொளுத்துவார்கள்? புகை போட்ட மீனை உனக்குச் சமைத்துப் போட்டதாக ஒரு கிழவியைப் பற்றி எழுதினாயே, அவளிடம் போய் உட்கார். மேட்டு நிலத்தில் தண்ணீர் தூரம் என்று சொல். ஆற்றில் வலை போட விடமாட்டார்கள் என்று சொல். உனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்று விடாமல் சொல். அவள் மாட்டேன் என்பாள். அந்த மாட்டேனை எடுத்துக்கொண்டுபோய் உன் மேலதிகாரியின் மேஜையில் வை. புல்லைக் கொளுத்துகிறவர்களையே காவலுக்கு வையுங்கள் என்று கேள். கேட்கவில்லை என்றால் கூட்டம் போடுகிற நாளில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நீ நிற்காதே. வேலை போகும் என்றால் போகட்டும். சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் வரைக்கும் மாடு கறக்கிற வீடுகள் இருக்கின்றன, நல்ல மாட்டு டாக்டர் கிடையாது. உன் அறையை நான் இன்னும் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.

கூடையைப் பிடித்து இழுத்த காவலனை மன்னித்துவிட்டேன், கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில்தான் சாப்பிடுகிறான். ரேஞ்சரை மன்னித்தேன். ஜீப்பில் வந்தவர்களைக்கூட மன்னித்தேன், அவர்கள் பகையாளியாக வந்தார்கள், பகையாளியாகவே போனார்கள், நடுவில் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. நம்பினவர்கள் முன்னால் நின்று, தெரிந்ததை மறைத்து, அன்பாகப் பேசினவன் ஒருத்தன்தான் பாக்கி. அவனை நான் சாகிறவரைக்கும் மன்னிக்க மாட்டேன், அவன் என் சவப்பெட்டியைத் தூக்க வந்தாலும் தொடக் கூடாது என்று கிரேஸிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் பக்கத்தில் இன்னொரு பேர் எழுத என்னால் முடியாது சாமுவேல், அந்த ஒரு பேரே எனக்குச் சுமக்க முடியாத பாரம்: என் கூடப்பிறந்த எபனேசர்.